ஃப்ரிட்ஜை அளந்தோம், அதன் கதவை அளக்கவில்லை

எங்கள் சமையலறையில் அலமாரி வேலை முடிந்த அன்று ஃப்ரிட்ஜை அதன் இடத்தில் தள்ளி நிறுத்தினோம். இரண்டு பக்கமும் பிளைவுட் பலகை, தலைக்கு மேல் ஒரு பெட்டி, நடுவில் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஃப்ரிட்ஜ். "ஒரு நூல் இடைவெளி கூட இல்லை, பாருங்க மேடம்" என்று கார்பெண்டர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் மனம் நிறைந்துதான் இருந்தது. இடம் கொஞ்சமும் வீணாகவில்லை என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் காய்கறி டிரேயைக் கழுவலாம் என்று இழுத்தேன். பாதி தூரம் வந்து, கதவின் உள்பக்கத் தட்டில் இடித்து நின்றுவிட்டது. கதவை இன்னும் கொஞ்சம் திறக்கலாம் என்றால் அதன் கைப்பிடி பக்கத்துச் சுவரில் முட்டுகிறது. 90 டிகிரிக்கு மேல் அந்தக் கதவு திறக்க வழியே இல்லை. அதற்கப்புறம் ஒன்பது வருஷம், அந்த டிரேயை முழுதாக எடுக்க வேண்டும் என்றால் ஃப்ரிட்ஜையே ஒரு முழம் முன்னால் இழுத்தோம். அதன் சக்கரத் தடம் இன்னும் தரையில் இருக்கிறது.

அலமாரி போடுகிறவர் பெரும்பாலும் கேட்பது "ஃப்ரிட்ஜ் அளவு என்ன?" என்பதைத்தான். நாமும் அதோடு வந்த தாளைப் பார்த்து அகலம், உயரம், ஆழம் மூன்றையும் சொல்லிவிடுகிறோம். அது கதவு மூடிச் சும்மா நிற்கும்போது உள்ள அளவு. வீட்டில் அது சும்மா நிற்பதில்லையே. கதவு திறக்கிறது, டிரே வெளியே வருகிறது, ஒரு ஆள் அதன் முன்னால் குனிகிறார், உடம்பு சூடாகிறது, என்றைக்காவது ஒரு நாள் மெக்கானிக் வந்து அதை வெளியே இழுக்கிறார். இத்தனைக்கும் சேர்த்து இடம் விட்டால்தான் அலமாரி உபயோகமாக இருக்கும். ஒரு தடவை செய்து, அதில் பாதியைப் பிரித்து, மறுபடியும் செய்த பிறகுதான் இது எனக்கு விளங்கியது.

பிரிக்க வைத்ததும் ஃப்ரிட்ஜ்தான். ஒன்பதாம் வருஷம் அது நின்றுபோனது. அதே லிட்டரில் புதிதாக ஒன்று வாங்கினோம். கொண்டுவந்த பையன்கள் அதைக் கூடத்தில் நிறுத்திவிட்டு, டேப்பைப் பிடித்துப் பார்த்து, "அக்கா, இது உள்ளே போகாது" என்றார்கள். பழையதைவிட அகலம் 3 செ.மீ., உயரம் 5 செ.மீ. அதிகம். லிட்டர் ஒன்றாக இருந்தாலும் வெளி அளவு ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சுவருக்குள் இருக்கும் வெப்பத்தடுப்பின் கனம் மாறினாலே வெளி அளவு மாறிவிடும். இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் கூடத்திலேயே நின்றது. மேல் பெட்டியில் இருந்த சாமானை எல்லாம் இறக்கி, அடிப்பலகையை அறுத்து, ஒரு பக்கப் பலகையையும் கழற்றினோம். சமையலறை முழுக்க மரத்தூள். அறுத்த பிறகு அந்தப் பெட்டி மற்ற பெட்டிகளோடு மட்டம் சேரவே இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே என்று கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

நல்ல பிளைவுட்டில் செய்த அலமாரி இருபது வருஷம் கூட நிற்கும். ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ அவ்வளவு காலம் ஓடினால் அதிர்ஷ்டம். ஆகவே ஓர் அலமாரி தன் ஆயுளில் இரண்டு மூன்று ஃப்ரிட்ஜைப் பார்க்கப்போகிறது. இன்றைக்கு இருக்கும் ஃப்ரிட்ஜுக்கு மட்டும் அளவெடுத்துச் செய்வது சரியில்லை என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

சூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் ஃப்ரிட்ஜுக்கு மேல் இருந்த பெட்டியிலிருந்து மருந்து டப்பாவை எடுத்தேன். டப்பா வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே இருந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால், 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைக்கவும் என்று அச்சடித்திருந்தது. வீட்டிலேயே சூடான அலமாரியில் அல்லவா அத்தனை மாதமும் மருந்தை வைத்திருந்தோம் என்று மனசு பதறிவிட்டது. அன்றைக்கே மருந்து எல்லாம் படுக்கையறை அலமாரிக்குப் போய்விட்டது.

உள்ளே இருக்கும் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. பழைய ஃப்ரிட்ஜ்களின் முதுகில் கறுப்புக் கம்பிவலை மாதிரி ஒன்று தெரியும். சூடு வெளியே போவது அதன் வழியாகத்தான். இப்போது வரும் பல மாடல்களில் அந்தக் குழாய்களைப் பக்கச் சுவர்களுக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் ஓடும்போது பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், தெரியும். அந்தச் சுவரை ஒட்டிப் பலகை வைத்தால் சூடு போக வழியில்லாமல் கம்ப்ரஸர் கூடுதல் நேரம் ஓடும், கரண்டும் கூடும். எவ்வளவு இடைவெளி என்பது மாடலுக்கு மாடல் மாறும். கையேட்டில் படம் போட்டே கொடுத்திருப்பார்கள். இரண்டாம் முறை நாங்கள் பக்கத்துக்கு 5 செ.மீ., பின்னால் 5, மேலே 10 என்று விட்டோம். அடுத்த ஃப்ரிட்ஜ் கொஞ்சம் பெரிதாக வந்தாலும் இதற்குள் சமாளிக்கலாம். மேல் பெட்டியையும் சுவரோடு ஒட்டாமல், பின்னால் காற்று ஏறிப்போக ஒரு சந்து விட்டுத்தான் மாட்டினோம். சுவரோடு ஒட்டிவிட்டால் கீழே விட்ட இடைவெளிக்கு அர்த்தமே இல்லை. சூடான காற்று மேலே போய் அடைபட்டு நிற்கும்.

கதவின் கீல் சுவர்ப் பக்கம் வந்தால், சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவே கதவின் கனமும் கைப்பிடியும் அடங்கும் அளவுக்கு இடம் வேண்டும். அந்தப் பக்கம் மட்டும் 5 போதாமல் எங்களுக்கு 12 செ.மீ. தேவைப்பட்டது. இன்னொன்று, ஃப்ரிட்ஜின் உடம்பு மட்டும்தான் பக்கத்துப் பலகையின் விளிம்புக்கு உள்ளே இருக்கலாம். கதவு முழுக்க விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். பார்க்க ஒரே மட்டமாக இருக்கட்டும் என்று கதவையும் உள்ளே தள்ளிவிட்டால், அது திரும்பும்போது பலகையில் இடிக்கும். அலமாரிக்குள்ளேயே பதிக்கவென்று தயாரிக்கும் ஃப்ரிட்ஜ்கள் தனி வகை, அவற்றின் கணக்கு வேறு.

ஃப்ரிட்ஜ் தலைக்கு மேல் இருக்கும் பெட்டி பெரும்பாலான வீடுகளில் செத்த இடம். மேல் அலமாரிகள் வழக்கமாக 30 முதல் 35 செ.மீ. ஆழம். ஃப்ரிட்ஜோ 65, 70 செ.மீ. ஆழம். சுவரை ஒட்டி வைத்த பெட்டியை எட்ட ஃப்ரிட்ஜின் தலையைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். ஸ்டூல் போட்டு ஏறினாலும் சுலபமாக எட்டாது. இரண்டாம் முறை அந்தப் பெட்டியை 60 செ.மீ. ஆழத்துக்கு முன்னால் கொண்டுவந்தோம். உள்ளே தட்டு அடிக்காமல், நிமிர்ந்த தடுப்புப் பலகைகளாக நாலு வைத்தோம். பெரிய தட்டுகள், மூடிகள், ஓவன் டிரேக்கள், எப்போதாவது எடுக்கும் அகலமான பலகை எல்லாம் புத்தகம் மாதிரி செங்குத்தாக நிற்கின்றன. ஒன்றை எடுக்க இன்னொன்றை இறக்க வேண்டாம். மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பெட்டிதான்.

அப்புறம் வாஷிங் மெஷின். ஒரு ராத்திரி மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயின் மரையில் கசிவு. மெஷின் அலமாரிக்குள் இருந்தது, தண்ணீரை அடைக்கும் வால்வு மெஷினுக்குப் பின்னால் இருந்தது. முன்பக்கம் துணி போடும் மெஷின் 60, 70 கிலோ இருக்கும். சுழலும்போது ஆடாமல் இருக்க உள்ளே கான்கிரீட் எடையே வைத்திருப்பார்கள். என் கணவரும் நானும் அதை இழுக்கப் பார்த்து முடியாமல், கடைசியில் வீட்டுக்கே வரும் தண்ணீரை நிறுத்தினோம். காலையில் பார்த்தால் மெஷின் அறையின் அடிப்பலகை ஓரத்தில் உப்பி, மேல் தாள் பிரிந்து நின்றது. அந்த ஒரு பலகையை மட்டும் மரத்தூளை அழுத்திச் செய்யும் போர்டில் போட்டிருந்தார்கள். அது தண்ணீர் குடித்தால் மறுபடி பழைய கனத்துக்கு வராது.

அதனால் வால்வும் சரி, பிளக் பாயிண்டும் சரி, மெஷினுக்குப் பின்னால் வேண்டாம். பக்கத்து அலமாரிக்குள், ஷட்டரை, அதாவது அலமாரிக் கதவைத் திறந்தால் கை படும் இடத்தில் இருக்கட்டும். பின்னால் பிளக் குத்தினால் அந்த பிளக்கின் கனத்துக்கே மெஷின் நாலைந்து செ.மீ. முன்னால் வந்துவிடும். இப்படிப் பக்கத்துக்கு மாற்றும்போது பலகையில் ஒரு துளை போடுவார்கள். எங்களுக்கு ஒயர் போகும் அளவுக்குப் போட்டார்கள். ஒயர் போகும், பிளக் போக வேண்டாமா? அதையே மறுபடி பெரிதாக்கினோம். பிளக் தலை நுழைய வேண்டும், தண்ணீர்க் குழாயின் மரை நுழைய வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம் சிலவற்றில் குழாய் முனையில், கசிந்தால் தானே தண்ணீரை அடைக்கும் ஒரு பெட்டி இருக்கும். அதுவும் நுழைய வேண்டும். துளை போடும் முன் இவற்றைக் கையில் வைத்து அளந்துவிடுங்கள்.

மெஷினுக்கு ஷட்டர் போட வேண்டுமா என்பதில் எங்கள் வீட்டில் நிறைய பேச்சு நடந்தது. மூடி இருந்தால் அழகு என்பது அவர் கட்சி. முதல் அலமாரியில் மூடித்தான் வைத்திருந்தோம். துணி துவைத்து முடித்ததும் மெஷின் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால்தான் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காயும். ஷட்டர் மூடியிருந்தால் மெஷின் கதவையும் மூட வேண்டியிருந்தது. ரப்பரின் மடிப்பில் கறுப்பாகப் பூஞ்சை வந்தது, துணியில் ஒரு முக்கல் நாற்றம் வந்தது. ஷட்டரின் கீலும் மெஷின் கதவின் கீலும் இடது பக்கமே இருந்ததால், ஷட்டர் 90 டிகிரியில் நின்று மெஷின் கதவை முழுதாகத் திறக்க விடவும் இல்லை. 165 டிகிரி திறக்கும் கீல் இருக்கிறது, அதை மாட்டினால் இந்தத் தொல்லை போகும். ஆனால் ஈரம் போகாது. இப்போது மெஷினுக்கு ஷட்டர் இல்லை. திறந்த அறைதான். பார்வைக்குச் சுமார்தான், துணி வாசனையாக இருக்கிறது.

அறையின் அகலம் 64 செ.மீ., மெஷின் 60. சுழலும்போது கொஞ்சம் அசையும், அதற்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. மெஷின் தரையில்தான் நிற்கிறது, அடிப்பலகை கிடையாது. கீழே முன்பக்கம் ஒரு சின்ன மூடி இருக்கும், அதற்குள் வடிகட்டி. அதைத் திறந்தால் தண்ணீர் வரும், கீழே ஒரு தட்டு வைத்துப் பிடிக்க வேண்டும். அந்த மூடியை மறைத்து ஸ்கர்ட்டிங் பலகையை ஆணியடித்துவிட்டால், சட்டைப் பையில் மறந்துபோன ஒரு பொத்தானுக்காக மொத்தத்தையும் பெயர்க்க வேண்டி வரும். கதவு இடது பக்கம் திறப்பதால் துணிக்கூடையும் சோப்புத்தூளும் வலது பக்க அலமாரிக்குப் போயின. மேலிருந்து துணி போடும் மெஷின் வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்து நிமிர்த்திய உயரத்தை அளக்க வேண்டும். மேல் அலமாரி அதற்கும் மேலேதான் தொடங்கலாம்.

தரையைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். மேடை உயரத்தை நிர்ணயிக்கும்போது தரை ஓடு பதித்தாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் அதன் அடியில் போகும் பசையும் சேர்ந்து ஒன்றிரண்டு செ.மீ. சாப்பிட்டுவிடும். 85 செ.மீ. உயர மெஷினை 86 செ.மீ. இடத்தில் வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் அங்கேயே கணக்கு உதைக்கும். இன்னும் மோசமானது, மெஷின் உள்ளே இருக்கும்போதே அதன் முன்னால் மட்டும் ஓடு பதிப்பது. ஓட்டின் உயரத்துக்கு ஒரு படி உண்டாகி, மேலே மேடை அழுத்த, மெஷின் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். இது என் அக்கா வீட்டில் நடந்தது. மேடைக் கல்லைத் தூக்கித்தான் மெஷினை எடுத்தார்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தை இரண்டாம் வேலையின்போதுதான் வாங்கினோம், அதனால் அதில் தவறு குறைவு. அமெரிக்காவில் சமையலறை வடிவமைப்பாளர்களுக்கென்று என்.கே.பி.ஏ. என்ற சங்கம் ஒன்று உண்டு. அவர்களுடைய வழிகாட்டு விதிகள் எனக்குக் கைகொடுத்தன. இயந்திரத்தின் ஓரம் சிங்க் தொட்டியிலிருந்து 36 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 91 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். மூலையில் வைத்தால், குறுக்காக வரும் மேடைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே ஆள் நிற்க 21 அங்குலமாவது, சுமார் 53 செ.மீ., வேண்டும் என்கிறார்கள். கதவு கீழே விழும் வகை இது. விழுந்தால் 60 செ.மீ.க்கு மேல் தரையை மறைக்கும். அப்போது எந்த டிராயர் திறக்கும், எது திறக்காது என்று பார்த்துத்தான் தட்டும் கரண்டியும் எங்கே என்று முடிவு செய்தோம். கழுவியதை எடுத்துத் திரும்பினால் தட்டு டிராயர், நடக்கவே வேண்டாம். கதவைத் திறந்ததும் ஆவி நேராக மேடையின் அடிப்பக்கத்தில் அடிக்கும். அதற்காக ஒட்டும் பட்டை ஒன்று பல இயந்திரங்களோடு டப்பாவிலேயே வரும். அதைப் பேக்கிங் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மைக்ரோவேவ் விஷயம் சுலபம். எங்கள் பழைய அலமாரியில் அவர் கண் உயரத்துக்கு வைத்திருந்தோம். அம்மா அவரைவிட ஒரு தலை குட்டை. ஒருநாள் கொதிக்கும் கிண்ணத்தைத் தோளுக்கு மேலிருந்து இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், எனக்கு நெஞ்சு திக்கென்றது. அதன் அடிப்பாகம், அதிகம் உபயோகிப்பவரின் தோளைவிட ஏழு எட்டு செ.மீ. கீழே இருக்க வேண்டும் என்பது அதே சங்கத்தின் விதி. நாங்கள் இன்னும் இறக்கி, அம்மாவின் முழங்கைக்கு நேராக வைத்துவிட்டோம். சூடாக எடுத்ததைச் சட்டென்று இறக்கி வைக்கப் பக்கத்திலேயே 40 செ.மீ. மேடை காலியாக இருக்கிறது. ஃப்ரிட்ஜின் கைப்பிடிப் பக்கமும் அப்படி ஒரு காலி மேடை உண்டு. அதில் எதையும் வைக்கக் கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.

இந்த இடைவெளிகளை எல்லாம் விட்ட பிறகு ஓரத்தில் 15 செ.மீ. சந்து ஒன்று மிஞ்சும். அதில் இழுக்கும் ரேக் போடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் 18 மி.மீ. பலகை, அப்புறம் சேனல், எல்லாம் போனால் உள்ளே கிடைப்பது 9, 10 செ.மீ. அதற்கு ஆகும் செலவுக்கு அது தகாது என்பது என் கருத்து. அந்த 15 செ.மீ.யைப் பக்கத்து டிராயரோடு சேர்த்து அகலமாக்கினோம். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே விட்ட 12 செ.மீ.யில் மட்டும் பின்னால் மடக்கு ஸ்டூல் நிற்கிறது. கதவு திரும்பும் இடம் முன்பக்கம்தானே, அது இடைஞ்சல் இல்லை. ஆனால் ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரை ஒட்டாமல் ஸ்டூல் சுவரில் ஒரு கொக்கியில் தொங்குகிறது.

வேலை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் செய்தித்தாளை விரித்து ஒட்டினோம். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தாள், அதன் கதவு திறக்கும் வட்டத்துக்கு அட்டையை வெட்டி இன்னொன்று. அம்மாவை ஒரு தட்டைக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னோம். ஃப்ரிட்ஜ் அட்டையைத் திறந்து வைத்ததும் அம்மா நின்றுவிட்டார். "நான் எப்படிடி அந்தப் பக்கம் போவேன்?" என்றார். ஃப்ரிட்ஜ் கதவும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் வழி அடைபடுகிறது. வரைபடத்தில் நாங்கள் இரண்டு பேரும் பத்து முறை பார்த்தும் கண்ணில் படாதது அது. இயந்திரத்தைத் தொட்டியின் மறுபக்கத்துக்கு மாற்றினோம். காகிதத்தை நகர்த்த ஒரு நிமிஷம் ஆனது.

இப்போது தொட்டிக்கு மேல் உள்ள அலமாரியின் ஷட்டரின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு அறையின் அகலம், உயரம், ஆழம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், வால்வு எங்கே, பிளக் எங்கே என்று எழுதியிருக்கிறேன். அம்மாவுக்குப் படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில். போன மாதம் மைக்ரோவேவ் பழுதானபோது, என் கணவர் அந்தத் தாளை போனில் படம் பிடித்துக்கொண்டுதான் கடைக்குக் கிளம்பினார்.